இருத்தல்

இந்த ஊரின் பெயரை முதன்முதல் கேட்டபோது
என் காது அதை இரண்டாய் உடைத்தது:
குன்ன, முல்லா.
முல்லை என்றே எடுத்துக்கொண்டேன்.
வந்து பார்த்தால் கொடியுமில்லை மணமுமில்லை.
செம்மண். முல்கா மரம். கம்பிவேலி. செம்மறி.
ஆடு மேய்ந்தால் முல்லைதானே என்று
நான்கு வருடமாய் இங்கே தாதி.

நாலு பத்துக்குத் தொலைபேசி. ஜானெல்.
குரல் நடுங்கவில்லை, அதுதான் என்னைப் பயப்படுத்தியது.
நெவிலைக் கடித்துவிட்டது, பழுப்புப் பாம்பு, கணுக்காலுக்குச் சற்று மேலே.
இப்போது எங்கே அவர்?
குசினிக் கதிரையில்.
கடித்தது?
கீழ்ப் படலையடியில்.
எப்படி வந்தார்?
அவள் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை.
நடந்து.
படலையைச் சாத்திக் கொண்டி போட்டுவிட்டு.

கழுவாதே என்றேன். கீறாதே, உறிஞ்சாதே.
விரலிலிருந்து தொடைவரை சுற்று,
சுளுக்குக்குச் சுற்றுவதுபோல.
இருந்த பேண்டேஜ் முழங்காலோடு தீர்ந்தது.
மீதிக்கு, மகளின் குதிரைக்குக்
காலில் கட்டும் ஊதாத் துணி.
அதன்மேல் நேரத்தை எழுது.
துடைப்பக் கட்டையைச் சேர்த்துக் கட்டு.
இனி அவர் அசையக் கூடாது.
"நெவிலா? அசையாமலா?"
அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

எங்கள் ஒரே ஆம்புலன்ஸ்
எழுபது கிலோமீட்டர் போய்
அவரைக் கிடத்திக்கொண்டு திரும்பியபோது
ஆறாகிவிட்டது.
வலியே இல்லை என்றார்.
முள் கீறியதுபோல் இரண்டு கோடு.
விரல்நுனி இரத்தம் வாங்கிய சிறு கருவி
எல்லாம் சரி என்று எண் காட்டியது.
பாம்புக்கடியில் இதை நம்பாதே என்று
கருவிக்கு மேலேயே ஒட்டியிருக்கிறோம்.
என்றாலும் கண் போய் அந்த எண்ணில்தான் உட்காருகிறது.

என்னிடம் கண்ணாடிக் குழாய் ஒன்று உண்டு.
வவுனியாவில், கருவி எதுவும் வராத வருடங்களில்
கைக்குப் பழகியது.
கொஞ்சம் இரத்தம், இருபது நிமிடம்.
தொடாதே, ஆட்டாதே, பிறகு ஒருமுறை சாய்.

திரையில் டாக்டர் அபியோலா.
சார்ல்வில்லிலிருந்து விமானம் கிளம்பிவிட்டது.
ஓடுபாதையில் கங்காரு விரட்டப்
போலீஸ்காரர் போயிருக்கிறார்.
குளிர்பெட்டியிலிருந்து மருந்துக் குப்பியை எடுத்து
மேசையில் வைத்தாயிற்று.
இனிச் செய்ய ஒன்றுமில்லை, இருக்கத்தான் வேண்டும்.

முல்லைக்கு இருத்தல் என்று
எட்டாம் வகுப்பில் பாடமாக்கினேன்.
போனவன் வரும்வரை ஒருத்தி காத்திருப்பது
என்றுதான் விளக்கினார்கள்.
ஒரு கால் இருப்பதை, ஒரு குழாய் இருப்பதை
யாரும் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் நிமிடம் அவர் கேட்டார்:
"மேல் படலை? சாத்தினாளா?"
அறுநூறு ஆடாம். பெருந்தெருவுக்குப் போய்விடுமாம்.
உன் ஆட்டைக் காக்க நடந்த ஒவ்வொரு அடியும்
விஷத்துக்குப் படலை திறந்தது, மடையா,
என்று வாய்வரை வந்தது.
திட்டினால் நெஞ்சு வேகமாய் அடிக்கும்,
அவருக்கோ எனக்கோ.
சாத்திவிட்டாள் என்றேன்.
தெரியாது எனக்கு.

சாய்த்தேன்.
தண்ணீர் மாதிரி ஓடியது.
குழாயைத் திரைக்கு நேரே பிடித்தேன்.
அபியோலா ஒரே சொல் சொன்னார்: "கொடு."
அதே நேரம் நெவில் உதட்டைத் துடைத்தார்,
புறங்கையில் சிவப்பு.

குதிரையின் இரத்தத்திலிருந்து எடுத்த மருந்து
குதிரைத் துணி சுற்றிய மனிதனுக்குள்
சொட்டுச் சொட்டாய் இறங்கியது.
அவரிடம் சொன்னேன்.
மகளிடம் சொல்லாதே, என்றார்,
அதற்கும் பங்கு கேட்பாள்.

விமானம் எழும்பி விளக்கு மறைந்தபின்
தேநீர் போட்டேன், குடிக்கவில்லை.
விடியும்போது குழாயை மறுபடி சாய்த்தேன்.
அப்போதும் உறையவில்லை.
ஆள் போய்விட்டார், இது மட்டும்
நேற்றுச் சாயங்காலத்திலேயே நின்றிருந்தது.

ஐந்தாம் நாள் ஜானெல் அழைத்தாள்.
எழுந்து உட்கார்ந்து
சாப்பாட்டைக் குறை சொல்கிறாராம்.
பிறகு, தயங்கி:
அந்த ஊதாத் துணி கிடைக்குமா?
சனிக்கிழமை குதிரைக்குப் போட்டி.

இரண்டு தரம் துவைத்துவிட்டேன்.
4.22 என்று அவள் எழுதியது
இன்னும் போகவில்லை.